இலை எடையும் மூன்று சர்வர்களும்: கோத்தகிரியில் செய்த ஒரு மெய்நிகராக்க வேலையின் குறிப்பு

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு செல்லும் வழியில், சாலையை விட்டுச் சற்றே இறங்கி நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணினி வேலைகளைப் பதினோரு ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். சொந்தத் தோட்டம் எதுவும் இல்லாமல், சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கி, தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. 2024 ஜனவரியில், பனி விழுந்து இலை வரத்து பாதியாகக் குறைந்திருந்த ஒரு நாள் காலையில், அலுவலகத்தில் வரிசையாக நின்ற மூன்று சர்வர்களில் நடுவில் இருந்தது எழுந்திருக்க மறுத்தது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். மின்விசிறியின் இதழ்களைச் சுற்றிக் கம்பளித் துணி போலப் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் இருந்தது. விரலால் கிள்ளினால் முழுதாக உரிந்து வந்தது. முகர்ந்தால் டீ வாசனை. அடுத்த அறைதான் தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைப் பகுதி. அங்கே பறக்கிற நார்த்தூசி சுவர் இடுக்கு வழியாக வந்து, மலைக்காற்றின் ஈரத்தையும் குடித்து, பிராசஸரின் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே களிமண்ணாக இறுகியிருந்தது. அரை நாள் செலவழித்து அதைச் சுரண்டி எடுத்து, சர்வரை ஓடவைத்துவிட்டேன். ஆனால் இந்த மூன்று பெட்டிகளையும் இப்படியே இன்னொரு சீசனுக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மூன்றில் ஒன்று கணக்குகளுக்கானது. அதில் ஓடிய விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. இரண்டாவது, இலை எடையும் விவசாயிகளின் பேரேடும் இருக்கிற சர்வர். ஜனவரியில் படுத்தது இதுதான். மூன்றாவதில் பொதுக் கோப்புகளும் ஆட்களின் வருகைப் பதிவும் இருந்தன. இரண்டு வாரங்கள் மூன்றையும் அளந்து பார்த்ததில், பிராசஸர் உழைப்பு பகல் நேரத்தில்கூடப் பெரும்பாலும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. ஒரே இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனி இயங்குதளத்தை ஓடவிடும் மெய்நிகராக்கம் இப்படிப்பட்ட வீண் இருப்பைப் பயன்படுத்தவே பிறந்தது. இது புதிய சரக்கும் அல்ல. ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்ற அமைப்பை 1972-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் மேசைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் பிராசஸர்களுக்குள் இதற்கான வசதியை இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் சேர்த்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள், மெய்நிகராக்கத்தைச் செய்யும் கேவிஎம் என்ற பகுதி 2007-இல் வந்து சேர்ந்தது. பெருநிறுவனங்களின் தரவு மையங்களில் இருந்த வித்தை கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த பாதை இதுதான்.

ஆனால் முதலாளி கேட்ட கேள்வி வேறு. “பெட்டியே எதுக்குப்பா? எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டா வேலை முடிஞ்சுதுல்ல? பையன் பெங்களூர்ல அப்படித்தான் சொல்றான்” என்றார். வேறொரு ஊரின் தரவு மையத்தில் இருக்கும் கணினியை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துவதுதான் கிளவுட். நியாயமான கேள்வி என்பதால் வாய்ப்பேச்சாக மறுக்காமல் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். ஒரு கிளவுட் நிறுவனத்தில் மாத வாடகைக்கு ஒரு மெய்நிகர் கணினியை எடுத்து, கணக்கு மென்பொருளின் கோப்புகளை அதில் வைத்து, அலுவலகக் கணினியிலிருந்து திறக்கச் சொன்னேன். ஒரு விவசாயியின் ஆண்டுப் பேரேட்டைத் திறக்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. இணைய வேகம் போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்த இரண்டு நிமிடமும் இணைப்பு ஏறத்தாழச் சும்மாவே இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கிளவுடுக்கு மாறும் சிறு தொழிற்கூடங்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் கணக்கு மென்பொருள் பழைய பாணியில் எழுதப்பட்டது. சர்வரில் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து, ஒரு சிறு துண்டைக் கேட்கும். அது வந்த பிறகே அடுத்த துண்டைக் கேட்கும். நெட்வொர்க்கைக் கவனித்துப் பார்த்தபோது அந்த ஒரு பேரேட்டுக்கு ஏறத்தாழ 4,000 தடவை போய் வந்தது தெரிந்தது. அலுவலகத்துக்குள் ஒரு தடவை போய்வர அரை மில்லி வினாடி ஆகும் என்றால், மொத்தம் இரண்டே வினாடி. மலையிலிருந்து கீழிறங்கித் தரவு மையத்தைத் தொட்டுத் திரும்ப 30 மில்லி வினாடி என்றால், அதே வேலைக்கு 120 வினாடி. இணைப்பின் அகலத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது, தூரம் தூரம்தான். இணைய உலாவியில் இயங்கும்படி எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாங்கள் மின்னஞ்சலை எப்போதோ கிளவுடுக்கு அனுப்பிவிட்டோம், அதில் ஒரு குறையும் இல்லை. திரையை மட்டும் தொலைவிலிருந்து காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் முறையில் கணக்கு மென்பொருளும் ஓரளவு ஓடியது. ஆனால் இணைப்பு அறுந்தால் அதுவும் போய்விடும்.

இணைப்பு அறுவது இங்கே அபூர்வம் அல்ல. கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஃபைபர் கம்பி கம்பத்துக்குக் கம்பம் தொங்கிப் போகிறது. சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்தால் போதும். 2009 நவம்பர் நிலச்சரிவின்போது சாலைகளே மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் கம்பியை நம்பித் தொழிலை வைக்கத் தயங்குவார்கள். ஆகவே முதலாளியிடம் நான் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: மூன்று நாள் லைன் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கக் கூடாது? அவர் யோசிக்கவே இல்லை. “இலை எடை. பறிச்ச இலை காத்திருக்காது.” அவருடைய இன்னொரு கேள்வி, பனிக்காலத்தில் இலை குறையும்போது கிளவுட் வாடகையும் குறையுமா என்பது. தேவைக்கேற்ப விரித்துச் சுருக்கலாம் என்பதுதான் கிளவுடின் முதல் விளம்பரம் என்றாலும், எங்கள் சர்வர்கள் சீசனிலும் சும்மா இருந்தன, பனியிலும் சும்மா இருந்தன. சுருக்குவதற்கு ஒன்றும் இல்லை. பண்டிகைக் காலத்தில் பத்து மடங்கு கூட்டம் வரும் இணையக் கடைக்கு அந்த வசதி தங்கம். எங்களுக்கு அல்ல. இலை எடையும் கணக்கும் மலையிலேயே மெய்நிகர் இயந்திரங்களாக இருக்கட்டும், அவற்றின் நகல் மட்டும் தினமும் கிளவுடுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

மெய்நிகராக்க மென்பொருளாக பிராக்ஸ்மாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். முன்பு நான் இதே வேலையைச் செய்யும் விஎம்வேரில் பழகியவன். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியபின், இவ்வளவு சிறிய இடத்துக்கு அது பொருந்தாது என்று பட்டது. பிராக்ஸ்மாக்ஸ் டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்துக் கட்டியது. உரிமக் கட்டணம் கிடையாது, வேண்டுமானால் ஆதரவுச் சந்தா வாங்கலாம். புதுப்பித்து விற்கும் சர்வர்கள் இரண்டை ஒரே மாதிரியாகக் கோவையில் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி நினைவகம், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இயங்கும் இரண்டு எஸ்எஸ்டி சேமிப்பு வட்டுகள். மின்சாரம் திடீரென்று போனாலும் எழுதிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றும் மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிக்களாகப் பார்த்து வாங்கியதில்தான் செலவு ஏறியது. அதற்காக நான் வருந்தவில்லை.

செலவு ஏறிய இன்னொரு இடம் விண்டோஸ் உரிமம். சர்வரோடு சேர்ந்து வந்த பழைய உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. அதைக் கழற்றி மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்து ஓட்டுவது முறையல்ல. இதைச் சொல்லாமல் விட்டு வேலையை முடிக்கிறவர்கள் உண்டு, நான் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் சர்வர் 2022-இன் ஸ்டாண்டர்டு பதிப்பை ஒரு சர்வரின் பிராசஸரில் உள்ள எல்லாக் கோர்களுக்கும் (கணக்கிடும் அலகுகளுக்கும்), குறைந்தது 16 கோர்களுக்கு, வாங்கினால் அதில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டலாம். ஒரு சர்வர் விழுந்தால் மற்றொன்றில் ஓட வேண்டும் என்பதால் இரண்டு சர்வர்களுக்கும் தனித்தனியே வாங்க வேண்டியிருந்தது. மூன்றாவது இயந்திரத்துக்கும் விண்டோஸ் என்றால் செலவு இரட்டிப்பாகிவிடும். பொதுக் கோப்புகளை லினக்ஸுக்கு மாற்றி, விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் வழியாகப் பகிர்ந்தேன். அலுவலகத்தில் ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

சர்வர் அறையைச் சல்லடைப் பக்கத்திலிருந்து மாடியில் பழைய லெட்ஜர்கள் அடுக்கியிருந்த அறைக்கு மாற்றினேன். ஏசி வைக்கவில்லை. ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் வகுத்த ஏ2 வகைச் சர்வர்களுக்கு 10 முதல் 35 டிகிரி வரை அனுமதி உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, வெப்பத்தைக் கொண்டுபோகும் திறன் குறைவதால், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மேல் வரம்பில் ஒரு டிகிரியைக் கழிக்க வேண்டும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்கு வரம்பு 32 டிகிரி. அந்த அறை அவ்வளவு சூடானதே இல்லை. நான் கவலைப்பட்டது கீழ் வரம்பைப் பற்றித்தான். ஜனவரி விடியற்காலையில் அணைத்து வைத்த சர்வரைக் கடுங்குளிரில் எழுப்பக் கூடாது என்பதற்காக, இரண்டையும் எப்போதும் ஓடவிட்டு அவற்றின் சூட்டாலேயே அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் இயந்திரங்களை மாற்றத் தொடங்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒரு சிறு கருவி உண்டு. கணக்கு சர்வரை ஒரு சனிக்கிழமை இரவு அப்படி நகலெடுத்து, பிராக்ஸ்மாக்ஸுக்குள் சேர்த்து, மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள வேகமான விர்ட்ஐஓ வகை வட்டாக இணைத்து எழுப்பினேன். நீலத் திரை வந்தது. 7பி என்று முடியும் பிழை எண். பழைய சர்வரில் இருந்த வட்டுக் கட்டுப்பாட்டியை மட்டுமே அறிந்திருந்த விண்டோஸுக்கு, புதிய வகை வட்டோடு பேசும் டிரைவர் தெரியவில்லை; தான் ஏறி நிற்கும் வட்டையே அதனால் படிக்க முடியவில்லை. இதற்குச் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. முதலில் பிரதான வட்டைப் பழைய ஐடிஇ வகையாக இணைத்து எழுப்பி, கூடவே 1 ஜிபி அளவில் ஒரு வெற்று விர்ட்ஐஓ வட்டைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் புதிய சாதனம் என்று கண்டுகொண்டு டிரைவர் கேட்கும். கொடுத்தபின் நிறுத்தி, வெற்று வட்டைக் கழற்றி, பிரதான வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் எழுந்துவிடும். இப்போதைய டிரைவர் தொகுப்பில் 2008 ஆர்2-க்கானது இல்லாததால், பழைய தொகுப்பு ஒன்றைத் தேடி எடுக்க ஞாயிறு மதியம் வரை ஆயிற்று. ஆதரவு முடிந்த இயங்குதளம் என்பதால் அந்த இயந்திரத்துக்கு இணைய வழியை முழுதாக அடைத்துவிட்டேன்.

கணக்கு மென்பொருளின் உரிமத்துக்கென்று யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் ஒன்று இருந்தது. அதை மெய்நிகர் இயந்திரத்துக்குள் கொடுப்பது எளிதுதான், ஆனால் டாங்கிள் எந்தச் சர்வரில் செருகியிருக்கிறதோ அங்கேயே அந்த இயந்திரம் கட்டுண்டுவிடும். மென்பொருள்காரரிடம் பேசி, நெட்வொர்க் வழி உரிமத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

இலை எடைதான் என்னைப் படுத்தியது. விவசாயிகள் ஜீப்பிலும் பிக்கப்பிலும் கொண்டுவரும் மூட்டைகளை எடைக் கொட்டகையில் மின்னணுத் தராசில் வைக்கிறார்கள். தராசின் காட்சிப் பெட்டி சீரியல் கம்பி வழியாக எடையைக் கணினிக்கு அனுப்புகிறது; எழுத்தர் ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் அந்த எடையைப் பிடித்து, விவசாயியின் பெயரில் ஏற்றி, இரட்டைச் சீட்டு அச்சிடுகிறது. கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் 30 மீட்டர். ஆர்எஸ்-232 வகைச் சீரியல் கம்பியை 15 மீட்டருக்கு மேல் இழுப்பது வழக்கமல்ல. அதை முன்பு யாரோ இழுத்துவைத்து, எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீளக் கம்பி கோடை இடியை நேராக அலுவலகத்துக்குள் கொண்டுவரும் பாதையாகவும் இருந்தது. மெய்நிகர் இயந்திரத்துக்கு அந்தச் சீரியல் துறையை நேரடியாகக் கொடுத்தால், டாங்கிள் கதையே இங்கும் நடக்கும். எனவே சீரியல் தகவலை நெட்வொர்க் தகவலாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றைத் தராசின் அருகிலேயே வைத்து, அங்கிருந்து அலுவலகத்துக்கு மின்சாரம் கடத்தாத ஃபைபரை இழுத்து, இருபுறமும் மின் சமிக்ஞையையும் ஒளியையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைத்தேன். இனி எந்தச் சர்வரில் ஓடினாலும் இயந்திரம் தராசைக் கேட்கும். மார்ச் மாதம் சோதனை எடை எல்லாம் சரியாக வந்ததும், பழைய கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எடை எழுத்தர் கூப்பிட்டார். “தம்பி, சீக்கிரம் வா. முப்பத்திரண்டு கிலோ மூட்டைக்கு இருபத்தேழுன்னு சீட்டு வருது.” போய் நின்று பார்த்தேன். தராசின் சிவப்பு எண்கள் 32.4 என்று காட்டின. எழுத்தர் பொத்தானை அழுத்தினார், சீட்டில் 27.1. அதற்கு முந்தைய மூட்டையின் எடை அது. தொடர்ந்து ஐந்து மூட்டைகளைக் கவனித்ததில், சில சமயம் சரியாகவும் சில சமயம் முந்தைய எடையாகவும் வந்தது. பக்கத்தில் நின்ற விவசாயி ஒரு வார்த்தை பேசாமல் தராசையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. எடையில் ஒரு கிலோ போனால் அது அவர் கூலி.

காரணத்தைப் பிடிக்க மாலை வரை ஆயிற்று. தராசின் காட்சிப் பெட்டி வினாடிக்குப் பலமுறை எடையைச் சும்மா உமிழ்ந்துகொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பழைய நேரடிக் கம்பியில், மென்பொருள் கேட்காத நேரத்தில் வந்த எண்கள் காற்றோடு போயின. இப்போது நடுவில் இருக்கும் மாற்றுப் பெட்டி பொறுப்பாக எல்லாவற்றையும் வாங்கி வரிசையில் சேர்த்து வைத்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் வரிசையின் முன்னால் நிற்கும் பழைய எண்ணை முதலில் நீட்டியது. நான் சோதித்தபோது ஒரே எடைக்கல்லை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்ததால், முந்தைய எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றாகவே இருந்து என்னை ஏமாற்றிவிட்டன. காட்சிப் பெட்டியைக் கேட்டால் மட்டும் சொல்லும் முறைக்கு மாற்றி, மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை அனுப்பி ஒரே ஒரு விடையைப் பெறும்படி அமைத்தேன். மாற்றுப் பெட்டியிலும் புதிய இணைப்பு வரும்போது பழைய சேமிப்பைக் கொட்டிவிடும் தெரிவை இயக்கினேன். பிறகு 10, 20, 50 கிலோ எடைக்கற்களை மாற்றி மாற்றி வைத்து இருநூறு முறை அழுத்திப் பார்த்தோம். அன்று காலையிலிருந்து எழுதிய எல்லாச் சீட்டுகளையும் எழுத்தர் தன் கைநோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினார். தராசின் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கைநோட்டில் குறிக்கும் வழக்கத்தை, கணினி வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும் அவர் விடாமல் இருந்தது அன்று எங்களைக் காப்பாற்றியது. என் புதிய அமைப்பில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இரண்டு சர்வர்களுக்கும் இடையே வட்டின் மாற்றங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நகலாகும்படி பிராக்ஸ்மாக்ஸ் இயல்பாகவே அமைத்துக்கொள்கிறது. இலை வரும் வேளையில் 15 நிமிடம் என்பது எத்தனையோ மூட்டைகள். எடை இயந்திரத்துக்கு மட்டும் அதை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் தொலைவதை இரட்டைச் சீட்டின் நகலிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரல் கடைசியில் கோடை மழையோடு ஒரு இடி. மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஏறுவதற்குள் யுபிஎஸ்ஸும் கைவிட்டு, இரண்டாவது சர்வரின் பவர் சப்ளை கருகிவிட்டது. முதலாவது நல்லபடியாக எழுந்தது, ஆனால் அதற்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமும் எழவில்லை. இதற்காகத்தானே இரண்டு வாங்கினோம் என்று மேனேஜர் கேட்டபோது பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. இணைத்துக் கட்டிய சர்வர்கள், தங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் மட்டுமே இயந்திரங்களை எழுப்பும். நடுவே கம்பி மட்டும் அறுந்து இரண்டு சர்வர்களும் உயிரோடிருந்தால், ஒரே இயந்திரம் இரண்டு இடத்தில் எழுந்து இரண்டு விதமாகக் கணக்கு எழுதிவிடும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு. இரண்டில் பாதிக்கு மேல் என்றால் இரண்டுமே வேண்டும். ஒற்றை வாக்கோடு நின்ற சர்வர், தன் தோழன் செத்துவிட்டானா, தனக்குத்தான் தெரியவில்லையா என்று முடிவெடுக்க முடியாமல் சும்மா இருந்தது. எதிர்பார்க்க வேண்டிய வாக்கு ஒன்றுதான் என்று கையால் கட்டளை கொடுத்ததும் எல்லாம் எழுந்தன. அந்த வாரமே ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி, எந்த இயந்திரத்தையும் ஓட்டாமல் வாக்கு மட்டும் அளிக்கும் மூன்றாவது உறுப்பாக, தனி மின்வழியில் வைத்தேன். பிராக்ஸ்மாக்ஸின் ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. படித்திருந்தேன், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டிருந்தேன்.

கிளவுடில் வைக்கும் நகலுக்கு எந்த ஊர் என்பதைத் தணிக்கையாளர் முடிவு செய்துவிட்டார். கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் நிறுவனங்கள், அவற்றின் நகலை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புணேயிலும் மும்பையிலும் மையங்கள் இருப்பதால் இதில் சிரமம் இல்லை. மும்பையில் ஒரு சிறு மெய்நிகர் கணினியை எடுத்து, பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் சர்வரை நிறுவினேன். எங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய தனிப் பொது முகவரி கிடையாது என்பதால், மலையிலிருந்தே வயர்கார்டு என்ற மென்பொருளால் பாதுகாப்பான இணைப்புச் சுரங்கம் ஒன்றைத் திறந்து வைத்து, மும்பை அதன் வழியாக நகலை இழுத்துக்கொள்ளும்படி செய்தேன்.

மூன்று இயந்திரங்களின் தரவு 600 ஜிபி. வட்டை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் வைத்து, சுருக்கியும் வைப்பதால் அது 340 ஜிபிக்கு இறங்கியது. பகல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நான் ஒதுக்கிய 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை ஏற்ற ஏறத்தாழ 38 மணி நேரம். இரவு பத்து மணி நேரம் வீதம் நான்கு இரவுகள். மூன்றாம் இரவு லைன் போய்விட்டது. ஏறிய துண்டுகள் மறுபடி ஏற வேண்டியதில்லை என்பதால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இப்போது ஒரு நாளைய மாற்றம் சுமார் 4 ஜிபி; அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. உள்ளே அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கத்தான் உண்டு: அமேசானின் மும்பை மையத்தில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு ஏறத்தாழ 11 சென்ட். முழுவதையும் ஒருமுறை மீட்டால் சுமார் 26 டாலர். ஆபத்தில் அது ஒரு காசே அல்ல. ஆனால் வாரம் ஒருமுறை சோதனைக்காக எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் அதோடு போயிற்று. இதற்கு முன் சோதனைக்கு எடுத்த கணினியை நிறுத்திவிட்டால் வாடகை நின்றுவிடும் என்று நினைத்து, அதன் வட்டை அழிக்காமல் விட்டு, இரண்டு மாதம் வீணாகப் பணம் கட்டியதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பரில் எதிர்பார்த்தது நடந்தது. மரம் விழுந்து ஃபைபர் அறுந்து, இரண்டரை நாள் இணையம் இல்லை. ஏல விவரங்களை மேனேஜர் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டார். இலை எடையும் பேரேடும் சம்பளமும் வழக்கம்போல நடந்தன. எழுத்தருக்கு லைன் இல்லாததே இரண்டாம் நாள்தான் தெரிந்தது. இணைப்பு திரும்பிய இரவில், தேங்கிய மூன்று நாள் மாற்றமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் மும்பை போய்ச் சேர்ந்தது.

டிசம்பரில், ஜனவரியில் படுத்த அந்தப் பழைய நடுச் சர்வரில் பிராக்ஸ்மாக்ஸை நிறுவி, மலையில் எல்லாம் எரிந்துபோனதாக வைத்துக்கொண்டு கணக்கு இயந்திரத்தை மும்பையிலிருந்து மட்டும் மீட்கப் பார்த்தேன். துண்டுகள் இறங்கின, திறக்கவில்லை. நகல்கள் மலையை விட்டுப் புறப்படும் முன்பே பூட்டப்பட வேண்டும் என்று நானேதான் அமைத்திருந்தேன். அந்தச் சாவிக் கோப்பு இருந்த ஒரே இடம், எரிந்துபோனதாக நான் வைத்துக்கொண்ட அதே சர்வர். கொஞ்ச நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடிக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து சாவியை எடுத்து, க்யூஆர் கட்டத்தோடு காகிதத்தில் அச்சிட்டேன். அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பிரதி தொழிற்சாலையின் இரும்புப் பெட்டியில் நிலப் பத்திரங்களோடு இருக்கிறது, மற்றொன்று முதலாளி வீட்டில்.

அச்சிட்ட காகிதத்திலிருந்தே சாவியைத் திரும்ப ஏற்றி மறுபடி முயன்றபோது இயந்திரம் எழுந்தது. கணக்கர் அக்டோபர் மாத இருப்புச் சோதனைப் பட்டியலை இரண்டு திரைகளிலும் திறந்து, ஸ்கேலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ஒத்துப்போயிற்று. கணக்கு மென்பொருளின் புதிய பதிப்புக்கு மார்ச்சில் மாறும்போது 2008 ஆர்2 இயந்திரத்தை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. அதுவரை அது இணையம் தெரியாமல் மாடியில் ஓடட்டும்.